இயற்கையின் தலையில் ஏற்றப்படும் பழி

குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் ஊமையாக இருந்துவிட்டால், பழி சுமத்துவோருக்கு அதனினும் வசதியானது வேறொன்றில்லை. உலகம் சூடேறுவதற்கும், வடதுருவத்தை அடுத்த நாடுகளில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த நிலம் இளகுவதற்கும் காரணம் யார் என்ற வழக்கிலே இன்று கூண்டில் ஏற்றப்பட்டிருப்பது இயற்கை. அதற்காகப் பேச அப்புக்காத்து எவருமில்லை. தானே பேச வாயுமில்லை. பழி சுமத்துவோரோ மாபெரும் வல்லரசுகளின் அதிபதிகள்.

2019 டிசெம்பரில் மொஸ்கோவிலே தமது வருடாந்தப் பத்திரிகையாளர் மாநாட்டில் பேசிய ருஷ்ய சனாதிபதி புட்டின், காலநிலை மாறுவதன் மூலகாரணம் எவருக்கும் தெரியாது என்றார். பூமியின் அச்சுச் சாய்வில் ஏற்படும் சிறு மாற்றங்கூடப் பெருவிளைவுகளை உண்டாக்கியிருக்கிறது எனவும் நினைவூட்டினார். அதே கூட்டத்தில், உலகச் சராசரியைவிட இரண்டரை மடங்கு விரைவாகத் தம் நாடு சூடேறுகின்றது என்றும், உறைந்த நிலத்தின்மீது எழுப்பப்பட்ட நகரங்கள் அந்நிலம் இளகினால் என்னாகும் என்றும் கவலை வெளியிட்டார். நோயின் கொடுமை நன்றாகத் தெரிகிறது. நோய் வந்த வழி மாத்திரம் தெரியவில்லையாம்! 2003ஆம் ஆண்டிலே இதே தலைவர், இரண்டு மூன்று பாகை சூடேறினால் உரோம அங்கிக்குச் செலவிடும் பணம் மிச்சமாகும் என்று வேடிக்கை பேசியவர்.

அத்திலாந்திக்குக்கு அப்பால் நிலைமை இதனினும் மோசம். 2025 செப்டெம்பர் 23ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே அமெரிக்க சனாதிபதி ட்ரம்ப், காலநிலை மாற்றம் என்பதே உலகத்தின்மீது நடத்தப்பட்ட மிகப் பெரிய மோசடி என முழங்கினார். ஒருவர் காரணம் தெரியாது என்கிறார். மற்றவர் காரியமே இல்லை என்கிறார். இருவருடைய நாடுகளும் எண்ணெயும் எரிவாயுவும் தோண்டி விற்றுப் பொருளீட்டுபவை. இருவருடைய நாடுகளிலும் உறைநிலம் பரந்து கிடக்கின்றது. இவ்விரண்டையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக.

உறைநிலம் என்பது யாது? இரண்டு ஆண்டுகளுக்கேனும் தொடர்ந்து உறைநிலைக்கு மேல் வராத மண்ணும் பாறையுமே அது. வட அரைக்கோளத்து நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவ்வலயத்துள் அடங்கும். ருஷ்யாவிலோ மூன்றிலிரண்டு பங்கு இத்தகைய நிலமே. சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரில் ஷேர்கின் என்பவர் 1828ஆம் ஆண்டிலே தண்ணீருக்காக ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். கிணறு வெட்டுவது எத்தகைய பாடு என்பதை எமது கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுகள் வெட்டி, 116 மீற்றர் ஆழத்தை எட்டியும் அவர் கண்டது தண்ணீரன்று; உறைந்த மண்ணே. பின்னர் மிடெண்டோர்ப் என்னும் அறிஞர் அக்கிணற்றினுள் வெப்பமானிகளை வைத்து அளந்து, சைபீரிய மண்ணின் இயல்பை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். நீர் தராத அக்கிணறு விஞ்ஞானத்துக்கு வற்றாத ஊற்றாயிற்று.

இம்மண்ணுள் இருப்பது பனி மாத்திரமன்று. கோடையில் மேற்பரப்பு சிறிது இளகும், புல்லும் பாசியும் முளைக்கும், மாரியில் மடியும். எருக்குழியில் இட்ட தழை உக்குவதை நாம் அறிவோம். அங்கோ குளிர் அவற்றை உக்கவிடுவதில்லை. இங்ஙனம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த காபன் 1,40,000 கோடி முதல் 1,60,000 கோடி தொன் வரை இருக்குமென மதிப்பிட்டிருக்கின்றனர். இன்று வளிமண்டலம் முழுவதிலுமுள்ள காபனைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இது! மண் இளகியதும் உக்கல் தொடங்கும். காற்றுப் படும் இடத்தில் காபனீரொட்சைட்டாகவும், நீர் தேங்கிய இடத்தில் மெதேனாகவும் அது வெளிவரும். 2007 முதல் 2016 வரையான காலத்துள் உலகெங்கும் உறைநிலத்தின் ஆழத்து வெப்பநிலை சராசரியாக 0.29 பாகை செல்சியஸ் உயர்ந்ததாக அளவீடுகள் காட்டுகின்றன. ஒரு பாகையிற் கால்வாசிக்குச் சற்று மேல்தானே என்று நகைக்க வேண்டாம். உறைநிலைக்கு மயிரிழை கீழே நிற்கும் மண்ணுக்கு அக்கால்வாசியே போதும்.

இனி எதிர்க்கட்சியாரின் வாதங்களுக்கு வருவோம்.

பூமியின் காலநிலை என்றுமே மாறிவந்திருக்கிறது என்பது அவர்களுடைய முதல் வாதம். உண்மை, யார் மறுத்தார்? பனிக்காலங்கள் வந்தன, போயின. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் வடதுருவப் பகுதி இன்றையினும் சூடாக இருந்ததுமுண்டு. காடு மின்னலாலும் தீப்பிடிக்கும் என்பதற்காக, கையில் தீப்பந்தத்துடன் பிடிபட்டவனை எந்த நீதவான் விடுதலை செய்வார்? முன்பு நேர்ந்தவற்றுக்கும் காரணங்கள் இருந்தன. அக்காரணங்கள் இன்று இருக்கின்றனவா என்பதன்றோ ஆராயத்தக்கது?

அச்சுச் சாய்வையே எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும். சாய்வு கூடினால் துருவப் பகுதிக்குக் கோடையில் வெயில் கூடும். குறைந்தால் குறையும். இன்றைய சாய்வு சுமார் 23.4 பாகை. அது கூடிக்கொண்டா வருகிறது? இல்லை, குறைந்துகொண்டு வருகிறது! வட பகுதிக் கோடை வெயில் ஏறக்குறைய பதினாயிரம் ஆண்டுகளாகத் தணிந்துகொண்டே வந்திருக்கிறது. அதற்கியைய அப்பகுதியும் மெல்லக் குளிர்ந்தே வந்தது, இருபதாம் நூற்றாண்டிலே திடீரெனத் திசைமாறும் வரை. சனாதிபதி புட்டின் அழைத்த சாட்சி அவருக்கெதிராகவே சாட்சியம் அளித்துவிட்டது. இந்த அச்சு வாதத்தைச் சொல்லுமுன் அவர் தமது நாட்டு வானசாத்திரிகள் எவரையேனும் கேட்டிருக்கலாம். அங்கே அத்துறை அறிஞர்களுக்குக் குறைவில்லை.

சூரியன்? 1978 முதல் செய்மதிகள் அதன் ஒளியை அளந்துவருகின்றன. ஏற்ற இறக்கம் உண்டு. இக்காலத்து வெப்ப ஏற்றத்தை விளக்கக்கூடிய உயர்ச்சி இல்லை. அன்றியும், சூரியன் சூடேற்றினால் வளிமண்டலத்தின் கீழ்ப்படையும் மேற்படையும் சேர்ந்தே சூடேற வேண்டும். நடப்பதோ வேறு: கீழ்ப்படை சூடேற, மேற்படை குளிர்கிறது. காபனீரொட்சைட்டுக் கூடினால் இவ்வாறே நிகழும் என்று மனாபேயும் வெதரால்டும் 1967ஆம் ஆண்டிலேயே கணித்துச் சொன்னார்கள். அம்மனாபேக்கே 2021இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. எரிமலைகளைப் பற்றியும் பேசுவோர் உளர். அவை ஓராண்டில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு மனிதர் வெளிவிடுவதில் நூறில் ஒன்றிரண்டு பங்கைத் தாண்டாது. 1930களிலும் வடதுருவப் பகுதி சூடாயிருந்ததே என்பதும் மெய்தான். ஆனால் அச்சூடு அங்கே தோன்றி அங்கேயே தணிந்தது. இன்றைய சூடு உலகளாவியது; தணியக் காணோம்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இவையனைத்தினும் எளிய விடை ஒன்றுண்டு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து உலகம் இப்போது ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 கோடி தொன் காபனை வானிலே விடுகின்றது. இதை விற்பனைக் கணக்குகளிலிருந்தே அறியலாம். வானில் ஆண்டுதோறும் மிஞ்சுவது இதில் பாதியளவே. மற்றப் பாதி எங்கே போயிற்று? கடலும் காடும் உண்டுவிட்டன. ஒருவன் பெட்டகத்தில் நூறு ரூபா போட, ஐம்பதுதான் கூடியிருக்கக் கண்டால், பக்கத்துவீட்டான் இரகசியமாகப் பணம் போடுகிறான் என்று சொல்வானா, எடுக்கிறான் என்று சொல்வானா? மொத்தக் கணக்கில் இயற்கை எடுத்துக்கொண்டேயிருக்கிறது. குற்றஞ் சாட்டப்பட்ட இயற்கை, நாம் விட்ட புகையில் பாதியைத் தன் மார்பிலே தாங்கி நிற்கிறது என்பதே கணக்கு உணர்த்தும் உண்மை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே 1958இல் கீலிங் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்கு 315 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐக் கடந்துவிட்டது. அந்தாட்டிக்கப் பனிப்பாளத்தில் அகப்பட்ட பழைய காற்றுக் குமிழிகளோ, தொழில் யுகத்துக்கு முந்திய 8,00,000 ஆண்டுகளில் ஒருபோதும் அது 300ஐத் தாண்டி நிலைத்ததில்லை எனக் காட்டுகின்றன. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2021இல் தீர்த்துச் சொன்னதும் இதுவே: 2010 முதல் 2019 வரையான பத்தாண்டில் மனிதரால் ஏற்பட்ட வெப்ப உயர்வு சுமார் 1.07 பாகை, சூரியனும் எரிமலையும் சேர்ந்து செய்தது, கூடினாலும் குறைந்தாலும், பாகையின் பத்திலொரு பங்குக்குள் அடங்கும்.

ஒரு வாதம் மாத்திரம் சற்றே மதிக்கத்தக்கது. பண்டைப் பனிக்காலங்கள் முடிவுற்றபோது பல இடங்களில் முதலில் வெப்பம் உயர்ந்தது; பின்னரே காபனீரொட்சைட்டு உயர்ந்தது; ஆகவே பின்னது காரணமன்று, விளைவே என்பர். அன்று தொடக்கிவைத்தது பூமியின் சுழற்சிப் பாதை என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் சிறு வெப்பம் வாயுவை வெளிப்படுத்த, அவ்வாயு வெப்பத்தைப் பெருக்க, பனிக்காலமே முடிவுற்றது. இயற்கை தானே தொடங்காத ஒன்றையும் பெருக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உறைநிலத்தைப் பற்றிய அச்சமும் அதுவேயன்றோ? இவர்கள் எமக்கெதிராக வீசிய கல் அவர்கள் கூரையிலேயே விழுகிறது.

அதற்காக, நாளைக் காலை சைபீரியாவிலே மெதேன் குண்டு வெடித்து உலகம் முடிந்துவிடும் என்று ஓலமிடுவோருடனும் நாம் சேரோம். மேற்சொன்ன குழுவின் மதிப்பீட்டின்படி, ஒவ்வொரு பாகை வெப்ப உயர்வுக்கும் இந்நூற்றாண்டு முடிவுக்குள் உறைநிலத்திலிருந்து வெளிவரக்கூடிய காபனீரொட்சைட்டு, காபன் கணக்கில் சுமார் 1,800 கோடி தொன். 300 கோடியாகவும் இருக்கலாம், 4,100 கோடியாகவும் இருக்கலாம். மனிதர் இரண்டே ஆண்டுகளில் எரித்துவிடும் அளவு இது. அற்பமன்று; ஆயினும் தலைமைக் குற்றவாளியும் அன்று. எல்லாம் இயற்கையின் கையிற் போய்விட்டது, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைகழுவுவதும், எல்லாம் இயற்கையின் செயல், நாம் செய்ததொன்றுமில்லை என்று கைகழுவுவதும் ஒரே பாத்திரத்து நீரிலேயே.

இந்தக் கைகழுவலுக்கு ஓர் அழகிய உதாரணம் நொரில்ஸ்க். வடசைபீரியாவின் அந்நிக்கல் நகரில் 2020 மே 29ஆந் திகதி ஒரு மின்னிலையத்தின் எரிபொருட் தாங்கி சரிந்து, 20,000 தொன்னுக்கு மேற்பட்ட டீசல் வெளியேறி அம்பார்னயா ஆறு செந்நிறமாயிற்று. நிலம் இளகியமையால் தூண்கள் அமிழ்ந்தன என்பதே உரிமையாளரான நிக்கல் நிறுவனம் முதலில் சொன்ன சமாதானம். ருஷ்ய அரசின் தொழிற்பாதுகாப்புப் பரிசோதகர்களோ வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளையும் பராமரிப்பின்மையையும் கண்டு கூறினர். 2021இல் நீதிமன்றம் 14,600 கோடி ரூபிளுக்கு மேல் தண்டம் விதித்தது, அதுவும் செலுத்தப்பட்டது. சூடேற்றியது யார் என்று கேட்டால் இயற்கை! தாங்கியைக் கவனியாது விட்டது யார் என்று கேட்டால் சூடு! பழி இப்படியே கைமாறிக்கொண்டு போகும்.

நாலாண்டுகளுக்கு முன்னரே யமால் குடாநாட்டில் வேறொரு துன்பம் நேர்ந்தது. 2016இன் கோடையில் அங்கே வெப்பம் 35 பாகை வரை ஏறிற்று. மண் இளகி, முற்காலத்தில் அந்திராக்சு நோயால் மாண்ட விலங்குகளின் புதைகுழிகளிலிருந்து கிருமி வெளிப்பட்டதென்பது ஆராய்ந்தோர் முடிவு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே எவரும் வெட்டாமலே புறப்பட்டது. 2,000க்கு மேற்பட்ட கலைமான்கள் மாண்டன. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். 1941க்குப் பின் நோய் காணப்படவில்லை என்ற காரணத்தால் 2007இலே கலைமான்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதை நிறுத்திவிட்டிருந்தனர். எவ்வளவு இயற்கை, எவ்வளவு மனிதன் என்று பிரித்துக் கூறுவது இங்கே எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மனிதன் பங்கு பூச்சியம் என்று எவரும் சொல்லத் துணியார்.

ஐயமென்பதே இல்லாத ஒரு கூட்டத்தாரும் உளர். அவர்கள் எண்ணெய்க் கம்பனிகளின் எஞ்சினியர்கள். அலாஸ்காவின் வடகரையிலிருந்து தென்கரைக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் 1977இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 1,300 கிலோமீற்றர் நீளமான அக்குழாயிற் பாதிக்கு மேற்பட்டது, உறைநிலம் இளகிவிடும் என்பதனாலேயே, தூண்களின்மேல் உயர்த்தி அமைக்கப்பட்டது. அத்தூண்களில், மண்ணின் வெப்பத்தை இழுத்துக் காற்றிலே விடும் அமோனியாக் குழல்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் பொருத்தப்பட்டுள்ளன. எரித்தால் உலகைச் சூடேற்றும் எண்ணெயை, மண்ணைக் குளிரவைத்துக் கொண்டுசெல்கிறார்கள்! அதே 1977ஆம் ஆண்டிலே எக்சன் கம்பனியின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், காபனீரொட்சைட்டால் உலகம் சூடேறும் என்பதைத் தம் மேலதிகாரிகளுக்கு எடுத்துரைத்தார். 1977 முதல் 2003 வரை அக்கம்பனியின் விஞ்ஞானிகள் உள்ளூரச் செய்த கணிப்புக்கள் பெரும்பாலும் பலித்துவிட்டன என்பதை 2023இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. உள்ளே தெளிவு; வெளியே குழப்பம். 1998இல் அமெரிக்கப் பெற்றோலியக் கழகம் கூட்டிய குழுவொன்று தீட்டிய திட்டத்தில், சாதாரண மக்கள் இவ்விஞ்ஞானத்தின் நிச்சயமின்மையை உணரும்போதே வெற்றி கிட்டும் என்று எழுதிவைத்தார்கள். ஐயம் தானாக முளைக்கவில்லை, விதைக்கப்பட்டது.

விளைவை அறுவடை செய்தவர்கள் வேறு மக்கள். அலாஸ்காவின் வடமேற்கே ஒடுங்கிய மணற்றிட்டொன்றில் கிவலீனா என்னும் சிற்றூர் இருக்கின்றது. சுமார் நானூறு பழங்குடி மக்கள் வாழும் ஊர். முன்பெல்லாம் இலையுதிர் காலத்தில் கடல் உறைந்து அலைகளைத் தடுத்துக் கரையைக் காத்தது. இப்போது கடல் பிந்தி உறைகிறது. கரை மண்ணும் இளகிவிட்டது. புயல் அரித்துச் செல்கிறது. ஊரைப் பெயர்க்க ஒன்பதரைக் கோடி முதல் நாற்பது கோடி டொலர் வரை வேண்டுமென மதிப்பிடப்பட்டது. 2008இலே இம்மக்கள் எக்சன் மோபில் உட்பட இருபத்துநான்கு எண்ணெய், நிலக்கரி, மின்சாரக் கம்பனிகள்மீது வழக்குத் தொடுத்தனர். 2009இல் முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று: இது அரசியல் தீர்க்க வேண்டிய விடயம், எண்ணற்றோர் விட்ட புகையில் இவர்கள் விட்டதே உங்கள் கரையை அரித்தது எனக் காட்ட முடியாது என்றது. 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், தூய காற்றுச் சட்டம் இருப்பதால் இவ்வழக்குக்கு இடமில்லை என்றது. 2013இல் உயர்நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. எமது வாசகருள் சட்டம் பயின்றோர் இத்தீர்ப்புக்களின் நுட்பத்தை வியக்கலாம். நாம் வியப்பது வேறொன்றை: பலர் சேர்ந்து செய்த குற்றம், பலர் செய்தமையாலேயே எவருடையதும் அல்லாத குற்றமாகிவிட்டது!

நியூட்டொக் என்னும் மற்றோர் ஊரின் கதையும் இதுவே. உறைநிலம் இளக, ஆறு ஊரைத் தின்றது. அவ்வூரார் பேரழிவுப் பிரகடனம் கோரினர். 2017 சனவரியில், ஒபாமா ஆட்சியின் இறுதி நாட்களில், அது மறுக்கப்பட்டது. சட்டத்தின்படி பேரழிவென்பது ஒரு நாளில் ஒரு சம்பவமாக வரவேண்டும். ஆண்டாண்டாக மெல்ல வந்தால் அது பேரழிவாகாது. 2019 தொடக்கம் 2024 வரை அம்மக்கள் சிறிது சிறிதாக மெர்த்தார்விக் என்னும் புதிய இடத்துக்குப் பெயர்ந்தனர்.

ஆகவே, இயற்கையா மனிதனா என்னும் கேள்வியை வானிலை அறிஞரின் பொழுதுபோக்கு விவாதமென எண்ணுவோர் ஏமாந்துபோவர். இது கடன் யாருடைய பெயரில் எழுதப்படும் என்ற கேள்வி. இளகும் உறைநிலம் வெளிவிடும் வாயுவை, 2015இன் பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் எந்த நாடும் தன் கணக்கிற் காட்டுவதில்லை. ஏனெனில் அது இயற்கையின் செலவாம். முதலை எரித்தவன் ஒரு நாட்டான். அதனால் வந்த வட்டிக்கு உரியவன் எவனுமில்லை. இக்கணக்கு முறை மாறவேண்டும் என்பதே எமது கோரிக்கை. 2025 யூலை 23ஆந் திகதி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தில், காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்றும், கடமை தவறினால் நட்டஈடும் கோரப்படலாம் என்றும், ஒவ்வொரு நாட்டின் பங்கையும் விஞ்ஞான முறைப்படி கணக்கிட முடியும் என்றும் கூறப்பட்டது. கிவலீனாவுக்கு மூடப்பட்ட கதவு இங்கே ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. அக்கருத்து எவரையும் கட்டுப்படுத்தாது என்பதை நாம் அறிவோம்.

பொதுச்சபையிலே மோசடி என்ற முழக்கம் ஒலித்து மூன்று வாரம் கழியுமுன், 2025 ஒக்டோபர் நடுப்பகுதியில், ஹலோங் என்னும் சூறாவளியின் எச்சம் மேற்கு அலாஸ்காவிற் புகுந்தது. கிப்னுக், குவிகில்லிங்கொக் என்னும் ஊர்களில் வீடுகள் அத்திவாரத்தைவிட்டு மிதந்து சென்றன. நூற்றுக்கணக்கானோர் விமானங்களில் அங்கரேஜ் நகருக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். உறைநிலம் இளகி அரிக்கப்படும் ஆற்றங்கரையைக் காப்பதற்காகக் கிப்னுக் ஊருக்கு ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு கோடி டொலரை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்புத் திணைக்களம் அவ்வாண்டு மே மாதத்திலேயே இரத்துச் செய்திருந்தது. அப்பணம் கிடைத்திருந்தாலும் ஒக்டோபருக்குள் வேலை முடிந்திராது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். இம்முறை வெள்ளம் ஒரே இரவில் வந்தமையால் அது சட்டப்படி பேரழிவாயிற்று. மோசடி என்று முழங்கிய அதே கை அம்மாதம் முடியுமுன் பிரகடனத்தில் ஒப்பமிட்டது.